வெளுத்த மாவு

லோத்குண்டா, ஹைதராபாத்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உன் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? பள்ளியில் நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்தாதே என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிறாயா? இங்கே நானும் சுபாஸ்ரீயும் சாஹித்யாவும் சுகம். நான் தமிழில் கேட்டால் சாஹித்யா தெலுங்கில்தான் பதில் சொல்கிறாள். உன்னிடம் வந்து ஒரு மாதம் இருந்தால் சரியாகிவிடுவாள்.

போனில் பேசினால் உன்னைச் சுற்றி எப்போதும் மில் ஆட்கள். நீயும் ‘ம்’, ‘சரி’ என்று வைத்துவிடுகிறாய். அதனால் நம் பழைய வழக்கப்படி தாளை எடுத்துவிட்டேன்.

நல்ல செய்தி. எங்கள் நிறுவனத்தில் கழிவுநீருக்கு ஒரு மருந்து தயாரிக்கிறோம் என்று சொன்னேன் அல்லவா? துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலையிலிருந்து வரும் தண்ணீர் ரத்தம்போலச் சிவப்பாக இருக்கும். சாயத் துகள்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதப்பதால் தானாக அடங்காது. மரவள்ளியை, அதாவது நம் ஊர்க் குச்சிக்கிழங்கை, அரைத்த மாவைப் பக்குவம் செய்து அதில் ஊற்றினால், மாவின் நீண்ட சங்கிலிகள் துகள்களையெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பால் திரிவதுபோலத் திரிந்து கீழே உட்கார்ந்துவிடும். மேலே தெளிந்த நீர். மாவு என்பதால் பிறகு மண்ணோடு மக்கியும் போகும்.

மாவுக்கு எங்கே போவது என்று எங்கள் நிறுவனத்தை நடத்தும் ப்ரியம்வதா மேடம் கேட்டபோது, ஆத்தூரில் என் அக்கா வீட்டுக்காரர் சேகோ மில், அதாவது ஜவ்வரிசி ஆலை, வைத்திருக்கிறார் என்று சொன்னேன். போன மாதம் மாமா அனுப்பிய முதல் லோடு பிரமாதம். அடுத்த மாதம் ஒரு பெரிய சாயத் தொழிற்சாலையில் முழு அளவில் சோதித்துப் பார்க்கப் போகிறோம். அதே தரத்தில் பன்னிரண்டு டன் வேண்டும் என்று மாமாவிடம் சொல். என் பெயரை அடகு வைத்திருக்கிறேன் என்றும் சொல்.

உன் தம்பி,
சம்பந்தம்


ஆத்தூர்
14 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று இங்கே நல்ல மழை. நனைந்த உறையைப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே காயவைத்துப் படித்தேன். முதுகு அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஹைதராபாத்தில் விஞ்ஞானிகள் நம் மாவை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று மில்லுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். பன்னிரண்டு டன் மாத முடிவுக்குள் வந்துவிடும்.

போன லோடு சென்ற பருவத்தில் அரைத்துக் குடோனில் வைத்திருந்த மாவு. இனி வருவது புதுக்கிழங்கு. மழையில் பிடுங்கிய கிழங்கில் மாவு கொஞ்சம் பழுப்படிக்கும். ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு மாவு வெள்ளையாக இருந்தே ஆக வேண்டுமா, பழுப்பாக இருந்தாலும் பரவாயில்லையா? மாமா கேட்கச் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்கிறேன். மறக்காமல் பதில் எழுது.

சுபாவுக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

கல்பகம்


லோத்குண்டா
24 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா, மாமா இருவருக்கும்,

எல்லோரும் சௌக்கியம்தானே. புது லோடில் பாதி வந்து சேர்ந்துவிட்டது. மேடம் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, “ஹவ், என்ன வெள்ளை! பௌடர் மாதிரி இருக்கே சம்பந்தம்” என்றார். ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ் அவருடையது, ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’தான். தார்நாகாவில் ஓர் அரசு ஆய்வகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். லேசில் யாரையும் பாராட்ட மாட்டார். மீதியும் இதே வெள்ளையில் வரட்டும் மாமா.

சாயத் தொழிற்சாலையில் கழிவுநீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர் யாதகிரி. பத்தொன்பது வருடமாக அந்தத் தொட்டிகளோடு இருக்கிறார். நுரையைப் பார்த்தே எவ்வளவு மருந்து ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிடுவார். எங்கள் சரக்கை ‘மன பிண்டி மந்து’ என்கிறார். நம்ம மாவு மருந்து என்று அர்த்தம். அவர் மகள் ஸ்ரீஜா அமீர்பேட்டில் ஹாஸ்டலில் தங்கி சாப்ட்வேர் பயிற்சி எடுக்கிறாள். அவளுக்கு வேலை கிடைக்க யாரையாவது தெரியுமா என்று நான்கு முறை கேட்டுவிட்டார்.

அடுத்த வாரம் தொடங்குகிறோம்.

சம்பந்தம்


லோத்குண்டா
22 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போன் செய்தபோது மாமாதான் எடுத்தார். நீ குளிக்கிறாய் என்றார்.

இங்கே நிலைமை சரியில்லை. முதல் நான்கு நாள் முன்பே வந்திருந்த மாவில் செய்த மருந்து. தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. ஐந்தாம் நாள் கடைசியாக வந்த மாவுக்கு மாறினோம். சாயம் திரளவில்லை. சின்னச் சின்னத் துணுக்குகளாக மிதந்து மறுபடி கரைந்தது. யாதகிரி அளவைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். பதினேழாம் தேதி தொட்டி நிரம்பி, சிவப்பு நீர் வடிகால் வழியே பக்கத்து ஊர் ஏரிக்குப் போய்விட்டது. அங்கே எருமைகள் தண்ணீரில் இறங்க மறுத்து நின்றனவாம். ஊர்க்காரர்கள் வாளியில் அள்ளிக்கொண்டு வந்து தொழிற்சாலை வாசலில் வைத்தார்கள். அதிகாரிகள் வந்து போனார்கள்.

தவறு யாதகிரி மேல்தான் என்று தொழிற்சாலைக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் புரியவில்லை. மில்லில் ஏதாவது மாறியிருக்கிறதா அக்கா? தண்ணீரா, தொட்டியா, எதுவானாலும் சரி, எழுது.

சம்பந்தம்


ஆத்தூர்
11 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தீபாவளி கழிந்தது. சுபா அனுப்பிய சேலையை அன்றே கட்டிக்கொண்டேன். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தமும் சேர்ந்துவிட்டதால் எழுத முடியவில்லை. இந்த வருடப் பிள்ளைகளுக்குச் சந்திப்பிழை அதிகம். மழை விட்டபாடில்லை. பக்கத்து வீட்டு மாமரம் சாய்ந்து எங்கள் சுவரில் விழுந்தது, யாருக்கும் அடியில்லை.

மில்லில் எல்லாம் எப்போதும் நடப்பதுபோலத்தான் நடக்கிறது.

இனிமேல் கடிதத்தைப் பள்ளி முகவரிக்கு அனுப்பு. தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

கல்பகம்


லோத்குண்டா
20 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

பள்ளி முகவரிக்கே எழுதுகிறேன். ஏன் என்று கேட்கவில்லை. உனக்கு ஒன்றும் இல்லை என்று மட்டும் தெரிந்தால் போதும்.

நேற்று எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது ஒரு சோதனை செய்தேன். புது மூட்டையிலிருந்து ஒரு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கலக்கி, பொட்டாசியம் அயோடைடு கரைசல் இரண்டு சொட்டு விட்டேன். சுத்தமான மாவில் நிறம் மாறாது. இது கருநீலமாக மாறியது. இன்னும் மூன்று மூட்டைகளில் எடுத்துப் பார்த்தேன். மூன்றும் நீலம். வெளுப்பதற்கு ஏதாவது போட்டிருந்தால்தான் அப்படி ஆகும். அது மாவின் சங்கிலிகளைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். அறுந்த கயிற்றால் எதைக் கட்ட முடியும்?

அக்கா, மாமா பிளீச்சிங் பவுடர் போடுகிறாரா?

குழாயைத் திறந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யாதகிரியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டிசம்பர் பத்தாம் தேதி தொழிற்சாலையில் விசாரணை. மருந்து கொடுத்தவர்கள் சார்பில் நான் போக வேண்டும். அதற்குள் உன் பதில் வந்தால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியும்.

சம்பந்தம்


லோத்குண்டா
13 டிசம்பர் 2024

அக்கா,

தபால்காரர் வரும் நேரத்துக்கு சுபா வாசலில் நின்று பார்த்தாள். பத்தாம் தேதி காலை வரை எதுவும் வரவில்லை.

விசாரணைக்குப் போனேன். நீள மேசை. எதிரே யாதகிரி, இஸ்திரி போட்ட சட்டையில். அளவுக்கு மேல் மருந்து ஊற்றினார் என்பது குற்றச்சாட்டு. அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார்: “மருந்து அதிகமானால் தண்ணீர் மறுபடி கலங்குமா?”

கலங்கும் என்றேன். அது உண்மை. பாடப்புத்தகத்தில் இருக்கிற உண்மை. அன்று நடந்தது அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

யாதகிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “மீரே செப்பண்டி சார்” என்றார். நீங்களே சொல்லுங்கள் என்று. நான் தண்ணீர் கிளாஸை எடுத்துக் குடித்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஸ்ரீஜா ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். சாஹித்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்கூட எரிந்து விழுகிறேன்.

நீ நலமா? அதையாவது எழுது.

சம்பந்தம்


ஆத்தூர்
21 டிசம்பர் 2024

தம்பி,

ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன். நான் நலம். என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

நீ கேட்ட பவுடரைப் போடுகிறார். செப்டம்பர் கடைசியிலிருந்து. உன் கடிதத்தை மாமாதான் சத்தமாகப் படித்தார். ‘மீதியும் இதே வெள்ளையில் வரட்டும்’ என்ற வரியை இரண்டு முறை படித்தார். முதல் பாதி மழைக்கு முன் பிடுங்கிய கிழங்கு, மீதியெல்லாம் மழையில் நனைந்து கிடந்தது. மறுநாள் மாவுப்பால் படியவைக்கும் தொட்டிப் பக்கம் போனேன். கண் எரிந்தது. மூலையில் நீல டிரம்கள்.

வேண்டாங்க, அவன் வேறு காரியத்துக்கு வாங்குகிறான், பழுப்பானாலும் பரவாயில்லையா என்று கேட்டு எழுதியிருக்கிறேன் என்றேன். “அவனே வெள்ளையைப் பார்த்து அசந்துபோய் எழுதியிருக்கான். வெள்ளையா இல்லைன்னா இங்க ஒருத்தன் மூட்டையைத் தொடமாட்டான். உனக்கு மில்லைப் பத்தி என்ன தெரியும்?” என்றார். இதைப் பற்றி உனக்கு ஒரு வரி எழுதக் கூடாது என்றும் சொன்னார். உன் அடுத்த கடிதத்தை அவர்தான் பிரித்தார். நவம்பரில் நான் எழுதியதையும் படித்துப் பார்த்துத்தான் அனுப்பவிட்டார். பள்ளி முகவரி பற்றிய வரிகளை, நடுவில் விட்டிருந்த இடத்தில், உறையை ஒட்டுவதற்கு முன்னால் சேர்த்தேன்.

உன் இருபதாம் தேதிக் கடிதம் விசாரணைக்குப் பதினைந்து நாள் முன்பே என் கைக்கு வந்துவிட்டது. பதில் எழுத நேரம் இருந்தது. பயமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த மாவிலிருந்துதான் ஜவ்வரிசியும் செய்கிறோம். தெரிந்தால் மில்லைப் பூட்டிவிடுவார்கள். முப்பத்தாறு பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்களில் பாதிப்பேரின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

படித்ததும் இதைக் கிழித்துவிடு. உன் அக்கா கேட்கிறேன்.

கல்பகம்


லோத்குண்டா
6 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

கிழித்துவிட்டேன். சுபாவுக்குக்கூடக் காட்டவில்லை.

ஆனால் நான் செய்த சோதனை என்னுடையது. டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை தார்நாகாவுக்கு மேடம் வீட்டுக்குப் போய் அதை மட்டும் சொன்னேன். எப்போது செய்தாய் என்று கேட்டார். நவம்பர் பத்தொன்பது என்றேன். “அப்போ யாதகிரி போகும்போது உனக்குத் தெரியும்” என்றார். தெரியும் என்றேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றையும் அவரிடம் சொன்னேன். எந்த லோடு வந்தாலும் கூழ் காய்ச்சி அதன் தடிமனை அளந்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். முதல் லோடுக்கு அளந்தேன். இரண்டாவதுக்கு அளக்கவில்லை. நம் வீட்டு மாவுதானே என்று அளந்ததாகக் கையெழுத்துப் போட்டேன். அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மாமாவைக் குற்றம் சொல்வதுபோல் உனக்கு எழுதிய கடிதங்களில் இதை நான் எழுதவில்லை. அதை நினைத்தால் உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது.

மேடம் என்னைத் தயாரிப்பிலிருந்து விலக்கிவிட்டார். மறுநாளே தொழிற்சாலைக்கு விவரம் எழுதினார். அவர்கள் ஆள் அனுப்பி மூட்டைகளைச் சோதித்தார்கள். அதற்குள் பவுடரின் வீரியம் போய்விட்டது. நிறம் மாறவில்லை, கூழ் மட்டும் தண்ணீர்போல நீர்த்திருந்தது. கூழ் தண்ணீராக இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், உங்கள் தோல்வியை மறைக்கக் கதை சொல்கிறீர்கள் என்று எழுதிவிட்டார்கள். யாதகிரி விஷயத்தில் மறுபேச்சு இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். அவர் இப்போது ஓர் அடுக்குமாடி வாசலில் காவலாளியாக நிற்கிறார்.

உன்னிடம் எதுவும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நடந்ததை எழுதினேன். பொங்கல் வாழ்த்துகள்.

சம்பந்தம்


ஆத்தூர்
22 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

இதனுடன் உங்கள் மேடத்துக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நீ படித்துவிட்டுக் கொடு. எந்தத் தேதியிலிருந்து, எந்தெந்த லோடில், எப்படிப் போட்டார்கள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மாமாவுக்குத் தெரியாமல் அனுப்ப மனம் வரவில்லை. காணும் பொங்கலுக்கு மறுநாள் மில்லுக்குப் போனேன். தொட்டி ஓரம் நின்றுகொண்டிருந்தார். தாளை நீட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

“இதை அனுப்பினா ஆள் வந்து பூட்டுவான். தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“அதுக்கப்புறமும் அனுப்புவியா?”

“ஒரு மனுசனுக்கு வேலை போயிருக்குதுங்க. அனுப்பத்தான் போறேன்.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முழுவதையும் அடித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். தொட்டிக்கு மூன்று கிலோ என்று நான் எழுதியிருந்த இடத்தில், மூன்றை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். “எழுதறதுன்னா சரியா எழுது” என்றார். கடைசியில் என் பெயருக்குக் கீழே ‘வையாபுரி’ என்று கையெழுத்துப் போட்டுத் தாளை என் கையில் கொடுத்துவிட்டு, அரவையை நிறுத்தச் சொன்னார். பெண்களை வீட்டுக்கு அனுப்பினார். வெளுத்த மாவு அத்தனையையும் தனியாக எடுத்து வைத்துப் பூட்டினார்.

ஐந்து நாளாகிறது. அதன் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கல்பகம்


லோத்குண்டா
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பியதை அன்றே மேடத்திடம் கொடுத்தேன். அவர் பழைய நல்ல மாவில், நீங்கள் எழுதிய அதே கணக்கில், தொட்டிக்கு ஐந்து கிலோ என்ற விகிதத்தில் பவுடரைப் போட்டு மருந்து செய்தார். தொழிற்சாலை ஆட்களின் கண்முன்னே சாய நீரில் ஊற்றினோம். அக்டோபரில் பார்த்த அதே துணுக்குகள், அதே கலங்கல். மூன்று கிலோ விகிதத்தில் செய்தது ஓரளவு திரண்டு உட்கார்ந்துவிட்டது. மூன்று என்றே அந்தத் தாளில் இருந்திருந்தால் நம் பேச்சை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். மாமாவிடம் இதைச் சொல்ல முடிந்தால் சொல்.

விசாரணையில் நான் பாதி உண்மைதான் பேசினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. வருகிற மூட்டைகளைச் சோதிக்கும் மேசையில் உட்கார வைத்திருக்கிறார். யாதகிரியைத் திங்கட்கிழமை திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஸ்ரீஜா இன்னும் ஊரிலிருந்து வரவில்லை. அவளுடைய வகுப்பு முடிந்துவிட்டது, அடுத்தது ஜூனில்தானாம்.

யாதகிரியைப் பார்க்கப் போனேன். தொட்டி மேல் நின்று நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். கையிலிருந்த கோலால் நுரையை ஒதுக்கினார். பிறகு, அன்று நீங்கள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன் சார், உண்மையைச் சொல்லி என்னை உட்கார வைத்துவிட்டீர்கள் என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

கிளம்பும்போது கூப்பிட்டார். கடிதம் எழுதின அக்கா வீட்டில் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டார். மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அதிகாரிகள் வந்தார்களா, மாமா பேசினாரா, நீ சாப்பிடுகிறாயா, எதுவும் தெரியாது. உன் போன் அணைந்தே இருக்கிறது. பள்ளிக்குப் போன் செய்தால் லீவில் இருக்கிறாய் என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை செகந்திராபாத்தில் ரயில் ஏறுகிறேன். மறுநாள் சேலத்தில் இறங்கிப் பஸ் பிடித்து மதியத்துக்குள் வந்துவிடுவேன். மாமா உள்ளே விடாவிட்டால் மில் வாசலில் உட்கார்ந்திருப்பேன். அவரிடம் நேரில் சொல்ல வேண்டியது எனக்கும் இருக்கிறது: வெள்ளையாக வரட்டும் என்று எழுதியது நான், பழுப்பானாலும் பரவாயில்லையா என்று நீ கேட்டதற்குப் பதில் எழுதாததும் நான்.

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேருமா என்று தெரியவில்லை.

சம்பந்தம்